வாவிக்கரை வளவுக்கு மதில் கட்டுமுன்: எல்லை பார்ப்பதும் ஊர்த்துறையைத் திருத்துவிப்பதும், படிப்படியாக

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலோ மேற்கே படுவான்கரையிலோ இந்தக் கரையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் என்றைக்காவது வந்தே தீரும். என் வளவு எங்கே முடிகிறது? உடைந்து கிடக்கிற தோணித்துறையை யார் திருத்தித் தருவது?

இரண்டையும் ஒரே பதிவில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. துறைக்கு இறங்குகிற ஒழுங்கை யாருடைய வேலிக்குள்ளாவது போய்விட்டால், அந்தத் துறைக்குப் பொதுப்பணம் ஒதுக்க உள்ளூராட்சி சபைக்கு வழியில்லாமல் போய்விடும். எல்லையைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஊரில்தான் துறையும் மிஞ்சும். ஒழுங்கையைக் காப்பாற்றுவதுதான் எனக்கு முக்கியம். மற்ற எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: காணி எந்த வகை என்று பாருங்கள்

உங்கள் கையில் இருப்பது நொத்தாரிசு எழுதிய உறுதியா, அரசு தந்த அனுமதிப்பத்திரமா, அளிப்பா? அறுதி உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி எல்லாம் முதல் வகை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பத்திரங்கள் மற்ற வகை. படுவான்கரையில் இவை நிறைய. அனுமதிப்பத்திரக் காணியில் எல்லைப் பிரச்சினை என்றால் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. உறுதிக் காணி என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உறுதிகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். உறுதி தொலைந்தால் காணி தொலைந்ததாக எண்ண வேண்டாம். காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால் பிரதி எடுக்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பதிவகங்கள் இருக்கின்றன. உறுதி இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், ஊர், பழைய உரிமையாளர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடுவிக்கலாம்.

படி 2: உறுதியையும் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்

உறுதியின் கடைசியில் வரும் அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது. காணியின் பெயர், நான்கு எல்லை, விஸ்தீரணம், பிளான் இலக்கம், பிளானின் தேதி, அளந்தவரின் பெயர். இவற்றை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு எல்லைகள் உறுதி எழுதிய காலத்து நிலவரத்தைச் சொல்பவை. "வடக்கு: மூத்த மகளின் வளவு" என்று ஐம்பது வருடத்துக்கு முன் எழுதியிருப்பார்கள். மட்டக்களப்பில் வளவு பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து வருவது வழக்கம் என்பதால், ஒரு தாய்வளவு மூன்று தலைமுறையில் எட்டுத் துண்டாகியிருக்கும். அந்த "மூத்த மகளின் வளவு" இன்று யாருடைய துண்டு என்று தாய் உறுதியிலிருந்து வரிசையாகக் கீழே வந்தால்தான் தெரியும். உங்கள் உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. முடிந்தால் அயலவரின் உறுதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே தாய்வளவின் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் தருவார்கள்.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 4 றூட், 160 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 20 பேர்ச் வளவென்றால் 5,445 சதுர அடி. புதிய பிளானில் இது 0.0506 ஹெக்டேயர் என்று இருக்கும். பிளானின் மூலையில் அளவுத்திட்டம் போட்டிருக்கும்: 1:500 என்றால் தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 5 மீற்றர். பழைய பிளான்களில் சங்கிலிக் கணக்கு வரும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். போட்டோ பிரதியில் அளவு சுருங்கியோ விரிந்தோ போய்விடுவதால், பிரதியின் மேல் அடிமட்டம் வைத்து அளந்து அயலவரோடு வாதாடப் போகாதீர்கள்.

வேலி இரண்டு அடி தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 90 அடி நீள எல்லையில் இரண்டு அடி தள்ளினால் 180 சதுர அடி. ஒரு பேர்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு. அதே இரண்டு அடி எட்டடி ஒழுங்கையில் போனால் ஒழுங்கையின் கால்வாசி. எதிர்ப்பக்கத்து வளவுக்காரரும் அதையே செய்தால் மிஞ்சுவது நாலடி. வலையும் எஞ்சினும் ஏற்றிய சைக்கிள் அதற்குள் போகாது.

படி 3: "மேற்கு: வாவி" என்று எழுதியிருந்தால்

எழுவான்கரை உறுதிகளில் மேற்கெல்லை வாவி. படுவான்கரை உறுதிகளில் கிழக்கெல்லை வாவி. அதிகமான சண்டை தொடங்குவது இங்கேதான்.

முதலில் ஒன்று. வாவி எல்லை என்றால் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுவரை நம்முடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாவிப் படுகை அரச காணி. கரையை ஒட்டி, பொதுப் பாவிப்புக்கென்று அரசு விட்டு வைத்த ஒதுக்குக் காணியும் இருக்கும். நல்ல பிளானில் உங்கள் துண்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் "வாவி ஒதுக்கு" என்று ஒரு கீற்று காட்டப்பட்டிருக்கும். அது உங்கள் வளவின் பின்புறம் போலத்தான் தெரியும், நீங்கள்தான் கூட்டித் துப்புரவாக்கியும் இருப்பீர்கள். ஆனாலும் அது அரச காணி, ஊரின் பாவிப்புக்குரியது. தனியாரின் காணியைப் பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி உரிமை கோர இடமுண்டு. அரசுக்கு எதிராக அந்தச் சட்டம் உதவாது. ஒதுக்கை எத்தனை வருடம் அடைத்து வைத்திருந்தாலும் அது உங்கள் பெயருக்கு வராது.

இரண்டாவது, தண்ணீர் விளிம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, படுவான்கரை ஆறுகளின் வெள்ளம் முழுக்க வாவிக்குள் வருகிறது. முகத்துவாரம் மணலால் அடைத்திருந்தால் தண்ணீர் வளவுக்குள் ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் சில நாளில் இறங்கும். ஆவணியில் அதே இடம் காய்ந்து மைதானமாகக் கிடக்கும். ஆவணியில் தண்ணீர் விளிம்பைப் பார்த்து மதிலுக்கு அத்திவாரம் வெட்டுபவர் மாரியில் வாவிக்குள் மதில் கட்டியவராகிறார். எல்லையை நிலையான கல்லிலிருந்து, பிளானில் உள்ள தூரத்தைக் கொண்டு எடுக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது.

மூன்றாவது, கரையோரச் சட்டம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள வாவிகளில், வாவியின் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரையும் அது நீளும். 2011இல் வந்த திருத்தம் அந்த நீர்நிலையின் விளிம்பிலிருந்து 100 மீற்றர் நிலத்தையும் சேர்த்தது. பாலமீன்மடு முகத்துவாரத்துக்கும் கல்லாற்று முகத்துவாரத்துக்கும் கிட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வலயத்துக்குள் கட்டிடமோ மதிலோ மண் நிரப்புவதோ, கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது.

படி 4: நில அளவையாளரைக் கூப்பிடுவது

பதிவு பெற்ற நில அளவையாளரையே கூப்பிடுங்கள். ஊரில் சேவையர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அளக்க வருமுன் அயலவர் நால்வருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தேதியைச் சொல்லி வையுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. அயலவர் நிற்கும்போது கல் நட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஒழுங்கையும் துறையும் பிளானில் விழுந்திருக்கின்றனவா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அகலத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் காலத்தில் அந்தக் கோடு பேசும்.

பழைய கல்லைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கல் நட வேண்டாம். பழையது எங்கே இருந்தது என்பதே ஒரு சாட்சி. பூவரசுக் கதியால்களும் அப்படித்தான். வெட்டுமுன் படம் எடுத்து வையுங்கள்.

படி 5: மதிலுக்கு அனுமதி

நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் எல்லை மதிலும் ஒரு கட்டிட வேலைதான். விண்ணப்பம் மாநகர, நகர அல்லது பிரதேச சபைக்கே போகிறது. உறுதிப் பிரதி, பிளான் பிரதி, வரைபடம், ஆதனவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு வீதிக்கோட்டுச் சான்றிதழையும் கேட்பார்கள். வீதிக்கோடு என்பது வீதி நாளைக்கு அகலமானால் எதுவரை வரும் என்று காட்டும் கோடு. அதைத் தாண்டி வீதிப் பக்கம் மதில் வந்தால் பிறகு இடிக்க நட்டஈடு கேட்க முடியாமல் போகலாம். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள். வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

படி 6: அயலவரோடு ஒத்துவராவிட்டால்

முதலில் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, சட்டத்தரணி தேவையில்லை. அங்கே தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். யாராவது பலாத்காரமாக உங்களை வெளியேற்றினால் தாமதிக்காமல் பொலிசில் முறையிடுங்கள்: 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றம் முந்திய இரண்டு மாத ஆட்சியைத்தான் பார்க்கும். அந்த வழக்கு யாரிடம் ஆட்சி இருந்தது என்று மட்டுமே சொல்லும். காணி யாருடையது என்று சொல்லாது.

படி 7: துறை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

உடைந்த படிக்கட்டைப் படமெடுத்து முகநூலில் போடுமுன் இதைச் செய்ய வேண்டும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஓடுவது போன்ற பாதைகள் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைகள்) வந்து அணையும் துறை வீதியின் தொடர்ச்சி. அது வீதிக்குப் பொறுப்பானவர்களைச் சேரும். மீனவர் மட்டும் பாவிக்கும் இறங்குதுறை கடற்றொழில் திணைக்களத்தின் பதிவில் இருக்கலாம். ஒழுங்கை முடிவில் இருக்கும் சிறு படித்துறையும் அணைச்சுவரும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. பொறுப்பாளர் யாரென்று தெரியாத மனு கந்தோர் கந்தோராக அலையும்.

தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம், "இந்த ஒழுங்கையும் துறையும் எந்த நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டில் உள்ளன?" என்று ஒரே கேள்வி. தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

படி 8: மனு எழுதுங்கள்

தனி ஆளாக எழுதுவதை விடக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து எழுதுவது பலம். மாதிரி இதோ:

"பொருள்: ______ ஒழுங்கை முடிவிலுள்ள தோணித்துறைப் படிக்கட்டும் அணைச்சுவரும் திருத்தல்.

மேற்படி துறையின் கீழ்ப்படிகள் ____ உடைந்துள்ளன. அணைச்சுவர் ____ மீற்றர் நீளத்துக்குச் சரிந்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் ____ தோணிகள் இங்கு அணைகின்றன. ஒழுங்கையின் அகலம் பிளான் இலக்கம் ____ இன்படி ____ மீற்றர். நிலத்தில் தற்போது ____ மீற்றர். மாரி வெள்ளத்துக்கு முன் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிளான் பிரதி, படங்கள், கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

எண்களை நீங்களே நிலத்தில் அளந்து நிரப்புங்கள். "பொதுமக்கள் பெரும் சிரமப்படுகின்றனர்" என்ற வசனத்தால் எந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மதிப்பீடு போட முடியாது. பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுத்து, மூலப்பிரதிக்குத் தேதி முத்திரை வாங்குங்கள்.

மனுவில் கொங்கிறீற் சுவர் கேட்பதற்கு முன் கரையைப் பாருங்கள். கண்டல் நிற்கிற இடத்தில் அதை வெட்டிச் சுவர் கேட்காதீர்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான். கடற்கரைப் பக்கத்தார் ஒலுவிலை நினைவில் கொள்ளலாம். 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைத்தடுப்பு வடக்கே நகரும் மணலை மறித்ததால், ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டது. தென்னைகளும் தோணி இழுத்து வைக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. நம் துறைக்கு ஒரு சுவர் கட்டினால் பக்கத்து ஊரின் கரை என்னாகும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்பது உங்கள் கடமை.

படி 9: தீர்மானம் எடுக்கும் இடத்தில் இருங்கள்

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் மனுவைப் பேச உறுப்பினரே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான சபைகளில் மறுபடி இருக்கிறார்கள். மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் மனுவைச் சேர்க்கச் சொல்லி வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்க முடியுமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேறிவிடும். ஆகவே ஆவணி, புரட்டாசியிலேயே மனு சபையில் இருக்க வேண்டும். கார்த்திகையில் வெள்ளம் வந்தபின் கொடுக்கும் மனு ஒரு வருடம் பிந்தியது.

தீர்மானம் நிறைவேறினால் கூட்ட அறிக்கையின் அந்தப் பக்கத்தின் பிரதியை வாங்கிச் சங்கத்தின் கோவையில் வையுங்கள்.

படி 10: வேலை தொடங்கியதும்

வேலையின் அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மீற்றர் சுவர், என்ன கலவை, எத்தனை படி என்று அதில் இருக்கும். சிறு வேலைகள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கிடைப்பதும் உண்டு. அப்படியானால் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அத்திவாரம் மூடுமுன் ஆழத்தை அளந்து படமெடுங்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் எல்லைக்கல் நடும் செலவை அதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி முதலிலேயே கேட்டிருந்தால், துறை திறக்கும் அன்றே ஒழுங்கையின் அகலமும் கல்லில் நிற்கும். அந்தக் கற்களின் இலக்கங்களைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும், இரு பக்க வளவுக்காரரின் கையொப்பத்தோடு, எழுதிக்கொள்ளுங்கள்.