மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் விண்டோஸ் 11

விண்டோஸ் 11 ப்ரோ உள்ள புதுக் கணினியை முதல்முறை செட்டப் செய்யும்போது, சொந்த உபயோகமா, வேலை அல்லது பள்ளிக்கா என்று கேட்கும் இடத்தில் வேலையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த திரையில் ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்’ என்று போனால் மின்னஞ்சல் எதுவும் கேட்காமல் நேராகப் பயனர் பெயர் கேட்கும். அவ்வளவுதான், லோக்கல் அக்கவுண்ட், அதாவது அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு, தயார்.

அலுவலகக் கணினியை டொமைனில் (நிறுவனம் தன் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் நெட்வொர்க்) சேர்க்கும் முன் உள்ளே நுழைய ஒரு லோக்கல் கணக்கு தேவை, அதற்காக விட்டுவைத்த வழி இது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் கணினி எந்த டொமைனிலும் சேராது. பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், அதை மறந்தால் மீட்பதற்காகக் கேட்கும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளும் வராது. அப்புறம் செட்டிங்ஸில் மறக்காமல் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம் பதிப்பில் இந்த வழி கிடையாது. அதில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்துவிட்டு, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ பக்கம் போய் லோக்கல் கணக்குக்கு மாறலாம். ஆனால் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஏற்கெனவே ஓடியிருந்தால் மாறிய பிறகும் அது அப்படியே இருக்கும், பூட்டைத் திறக்க உதவும் ரெகவரி கீ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் கிடக்கும், அதனால் முதலில் கீயை எழுதி வைத்துவிட்டு மாறுங்கள்.