பாப்பா ஹெல்மெட்டில் சுங்குடிப் புள்ளி

மதுரையில் ஆறு மாதக் குழந்தைக்கு ஹெல்மெட் மாட்டித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் இரண்டே கேள்விதான் வரும். "என்னத்தா, பிள்ளை கீழ விழுந்துருச்சா?" என்பது ஒன்று. "பாப்பா பைக் ஓட்டப் போகுதா?" என்பது இன்னொன்று. முதல் வாரம் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கம் சொன்னேன்: ஒரே பக்கமாகத் தலை சாய்த்துப் படுத்ததில் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது, கழுத்துத் தசையில் இறுக்கம் வேறு, மண்டை வடிவம் சரியாகத்தான் இந்த ஹெல்மெட், வலிக்காது என்று. பால் வாங்கப் போய் அரை மணி நேரம் கழித்து வீடு திரும்பிய நாளெல்லாம் உண்டு. அப்புறம் அந்த வெள்ளை ஹெல்மெட்டில் புள்ளி வைத்துப் பூ வரைந்தேன், அதிலிருந்து "அட, யார் வரைஞ்சது?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

அந்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டு தப்பு செய்துவிட்டேன். இரண்டையும் கீழே சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே மெத்தென்ற ஃபோம். வேலை செய்வது ஃபோம்தான், தலையில் புடைத்த இடத்தை ஒட்டி நின்றுகொண்டு, தட்டையான இடத்தில் மட்டும் வளர்வதற்கு இடம் விடுகிறது. ஹெல்மெட் செய்து கொடுத்த ஆர்த்தோடிஸ்ட் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்த ஃபோமைச் சீவிச் சரிசெய்வார், தேவைப்பட்டால் காதோரம் பிளாஸ்டிக் விளிம்பையும் கொஞ்சம் வெட்டுவார். ஆகவே உள்பக்கம் அவருடையது, நமக்கு வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே ஒரு சொட்டுப் பெயின்ட், ஒரு ஸ்டிக்கர், ஒரு துண்டுத் துணி கூடச் சேரக்கூடாது.

வந்த அன்றே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். முதல் சில நாள் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, தோல் சிவக்கிறதா என்று பார்த்து, படிப்படியாக ஒரு நாளைக்கு 23 மணி நேரம் வரை கொண்டுபோவார்கள். முதல் செக்கப்பில் விளிம்பையெல்லாம் வெட்டி முடித்த பிறகு வரைவதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு சிக்கல், குளிக்க வைக்க என்று கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் பெயின்ட் நன்றாகக் காயாது. அதனால் செக்கப்புக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்: ஒரு ராத்திரி கழற்றி வைக்கலாமா, இந்த பிளாஸ்டிக்குக்கு எந்தப் பெயின்ட் ஆகாது, லேசாக எமரி பேப்பர் தேய்க்கலாமா. நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்க் காட்டிவிட்டு வருகிற ஆட்கள், கேட்க மறந்தால் அடுத்த தடவைதான். வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள், பெயின்ட் பிடிக்கிறதா என்று அதில் சோதித்துப் பார்க்க வசதி. ராத்திரி கழற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாரா, சரி, பெயின்ட்டை மறந்துவிட்டு ஸ்டிக்கரோடு நின்றுகொள்ளுங்கள்.

இப்போது முதல் தப்பு. ஃபேன்சி ஸ்டோரில் தாளோடு விற்கும் மின்னும் கல் வாங்கி, முன்னால் வரிசையாக இருபத்து நாலு ஒட்டினேன். பார்க்க அம்மன் கிரீடம் மாதிரி இருந்தது, நானே போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் எண்ணினால் இருபத்து மூன்று. வீட்டையே கவிழ்த்துத் தேடினோம், பாப்பா வாயில் விரல் விட்டுப் பார்க்கலாமா கூடாதா என்று ஆளாளுக்குக் கத்தல் (பார்க்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்). கடைசியில் தொட்டில் சேலை மடிப்பில் கிடைத்தது. அன்றைக்கே மீதியையும் பிய்த்துப் போட்டேன்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான். அப்படிப் பார்த்தால் கல், மணி, சமிக்கி, பட்டன், முத்து, பொம்பொம் எதுவும் தேறாது. நன்றாக ஒட்டியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், எந்தப் பசையும் எச்சிலும் வேர்வையும் பட்டால் ஒரு நாள் விடும். ஃபெவிக்விக் போட்டு இன்னும் கெட்டியாக ஒட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். பட்டன் பேட்டரி போட்ட மின்னும் விளக்கை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கிளிட்டர் தூள் உதிர்ந்து கண்ணுக்குள் போகும்.

ஸ்டிக்கர் என்றால் நம் ஊரில் கவலையே இல்லை, வண்டி நம்பர் பிளேட் எழுதுகிற கடையிலேயே வினைல் ஷீட்டில் எந்த உருவம் வேண்டுமானாலும் வெட்டித் தருவார்கள். ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோகாதீர்கள், அளவும் படமும் மட்டும் போதும். நான் கொண்டுபோனேன். "எந்த வண்டிக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே, வளைவில் ஸ்டிக்கர் சுருக்கமில்லாமல் உட்காரட்டும் என்று அந்தத் தம்பி ஹீட் கன்னை எடுத்துவிட்டார். இந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கித்தான் வடிவம் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி சூடு பட்டால் நெளியும், மில்லிமீட்டர் கணக்கில் நெளிந்தாலும் தலைக்குப் பொருந்தாது. கையைப் பிடித்துத் தடுத்தேன் என்றே சொல்லலாம். இதே காரணத்துக்காக ஹேர் டிரையர், குளூ கன், வெயிலில் நிற்கும் கார், மொட்டை மாடி எல்லாமே ஒதுக்க வேண்டியவை.

வெட்டும்போது மூலை கூராக இல்லாமல் உருட்டி வெட்டச் சொல்லுங்கள், கூரான மூலைதான் முதலில் கிளம்பும், பாப்பாவின் நகம் அங்கேதான் போகும். பெரிய உருவமாக, நாணயத்தைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் வெளிப்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனால் போதும். காற்றுத் துளைகளை மூடக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில் ஹெல்மெட்டுக்குள் அந்தத் தலை எப்படி வேர்க்கும் என்று கழற்றிப் பார்த்த அம்மாக்களுக்குத் தெரியும். துணி உறை தைத்து மாட்டுவதும் இதனால்தான் நம் ஊருக்கு ஆகாது. பாப்பாவை வெளியே தூக்கிப் போவதாக இருந்தால் அடர் கறுப்பு, நீலத்துக்குப் பதிலாக வெளிர் நிறமாகப் பாருங்கள், வெயிலில் சூடு குறையும்.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக், விஷமற்றது என்று போட்டது, அது ஒன்றுதான். ஸ்பிரே பெயின்ட், நெயில் பாலிஷ், தின்னர் கலக்கும் எதுவும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், வாடையும் போகாது. கேட்டுக்கு அடித்த மிச்சம் பரணில் இருக்கிறதே என்று எனாமல் டப்பாவை இறக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, பரணில் இருப்பது எந்த வருஷத்து டப்பா என்று யாருக்குத் தெரியும்.

ஒரு சொம்பைக் கவிழ்த்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஹெல்மெட்டை மாட்டுங்கள். ஸ்டாண்டும் ஆச்சு, ஃபோமுக்குக் காவலும் ஆச்சு. துளைகள், பட்டை, விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை அகலம், இவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஓரத்தைத்தான் பிள்ளை கடிக்கும், ஆர்த்தோடிஸ்ட் வெட்டுவதும் அங்கேதான். இந்த வகை பிளாஸ்டிக்கில் பெயின்ட் சட்டென்று பிடிக்காது, அனுமதி கிடைத்திருந்தால் 400 நம்பர் எமரி பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். இந்த வேலையைப் பாப்பா இல்லாத அறையில் செய்யுங்கள்.

நான் அடித்தது வெளிர் பச்சை. அழகர் ஆற்றில் இறங்கும்போது பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் அந்த வருஷம் செழிப்பு என்பார்களே, அந்தக் கணக்கில் மாமியார் சொன்ன நிறம். மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிட்டு. தடிமனாக ஒரே கோட் அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும்.

அதன்மேல் சுங்குடி. நிஜச் சுங்குடியில் துணியைக் கிள்ளி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால், புள்ளி ஒன்றும் அச்சு வார்த்த வட்டமாக இருக்காது, லேசாகக் கோணி இருக்கும், நடுவில் பொட்டு மாதிரி சாயம் ஏறியிருக்கும். வரையத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல டிசைன் கிடையாது! பிரஷ்ஷின் பின்முனையை வெள்ளைப் பெயின்ட்டில் தொட்டு நேராக வைத்து எடுங்கள். ஒரு தடவை தொட்டால் மூன்று புள்ளி வரும், போகப் போகச் சின்னதாகும், அதுவே அழகு. காய்ந்தபின் பல்குச்சி முனையால் ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சையில் ஒரு துளி. இயர்பட் வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொண்டு மயிர் மயிராக நிற்கும்.

மேலே தண்ணீர் வகை அக்ரிலிக் சீலர் (பெயின்ட்டைக் காக்கும் மேல்பூச்சு) மெல்லிசாக இரண்டு கோட் அடித்து, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி முழுக்க. காலையில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே மூக்கை வைத்து மோந்து பாருங்கள். துணியில் நிறம் ஏறினாலோ, பெயின்ட் பெயர்ந்து வந்தாலோ, வாடை அடித்தாலோ பாப்பா தலையில் ஏற்றாதீர்கள்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. ஃபோமை தினமும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைக்கச் சொல்லியிருந்தார்கள், நான் அதே துணியால் வெளிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தேன். அக்ரிலிக்கை ஸ்பிரிட் இளக்கிவிடும். முதலில் வரைந்திருந்த ஊதாப் பூவெல்லாம் வழிந்து, சாயங்காலம் பாப்பா கன்னத்தில் ஊதாக் கோடு. ஆகவே பெயின்ட் அடித்த பிறகு ஸ்பிரிட் உள்ளே மட்டும், அதுவும் சாமி விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம். வெளியே வெறும் ஈரத்துணி.

பாதி வேலையில் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊரே பாக்குது, திருஷ்டி படாதா? பின்னால ஒரு வசம்பு கோத்துக் கட்டி விடு" என்றார். "இல்லத்தை, அத வாயில வச்சிரும், கயிறு வேற கழுத்துல சுத்தும்." "அப்ப மையாவது வை." மையும் கையில் ஈஷிக் கண்ணுக்குப் போகும், சில கண்மையில் ஈயமும் உண்டு. கடைசியில் பின்பக்கம் கறுப்பு அக்ரிலிக்கில் பெரிய திருஷ்டிப் பொட்டு, அதன்மேலும் சீலர். அத்தைக்குத் திருப்தி. மல்லிகைப்பூ வைத்து ஹேர்பின் குத்துவதற்குப் பதிலாகவும் இதே வழிதான், நெற்றிப் பக்கம் மொட்டு மொட்டாக ஒரு சரம் வரைந்துவிட்டேன், வாடவும் வாடாது.

மொட்டையடிக்கும் உத்தேசம் இருந்தால் முன்கூட்டியே ஆர்த்தோடிஸ்டிடம் கேளுங்கள், மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி அதன்மேல் ஹெல்மெட் மாட்ட முடியாது. தலைக்கு எண்ணெயும் அப்படித்தான், ஃபோமில் ஊறிவிடும்.

தினமும் குளிக்க வைக்கும் நேரத்தில் ஹெல்மெட்டை வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கிளம்பிய ஸ்டிக்கரை மறுபடி ஒட்டாமல் பிய்த்துப் போடுங்கள், பசை மிச்சம் இருந்தால் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் வேண்டாம். தலையில் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அழகையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே போன் போடுங்கள். போன செக்கப்பில் காதோரம் கொஞ்சம் வெட்டினார்கள், கூடவே ஒரு மல்லிகை மொட்டு பாதியாகப் போய்விட்டது. வெட்டிய இடத்தில் பெயின்ட் செதிலாக நின்றது, அதை மட்டும் எமரியால் நைசாக்கி, சீலர் தொட்டு வைத்தேன். பாதி மொட்டு அப்படியே இருக்கிறது.