வீட்டுக் காற்றாலைக்கு நிலம் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தின் பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் வீட்டுத் தேவைக்குச் சிறு காற்றாலை நிறுத்த விரும்புவோருக்கு, இத்தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் நிலம் பார்த்துச் சொல்வதைக் கவனிக்கும்போது, தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழைகளே மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். எவரும் அறிந்த சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, பணத்தை விழுங்குபவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பக்கத்துக் காட்டில் பெரிய காற்றாடி ஓடுவதை நம்புவது

"மேற்கே வரிசையா காத்தாடி நிக்குதே, நமக்கு மட்டும் காத்து இல்லாமலா போகும்?" என்ற கேள்வி இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்தப் பெரிய காற்றாலைகளில் பல 80 மீட்டருக்கு மேலும் உயர்ந்தவை. வீட்டுக் காற்றாலையோ பெரும்பாலும் 10 மீட்டரில் நிற்கிறது. 80 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, மரங்களும் வீடுகளும் கலந்த நிலத்தில் 10 மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது 5 மீட்டருக்கும் குறைந்துவிடும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், அங்கே கிடைப்பது மேலே உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

பணகுடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்த நம்பிக்கையில் நிலம் வாங்கினார். காற்று வரும் மேற்கு எல்லையை ஒட்டி அடுத்தவருடைய தென்னந்தோப்பு. விற்றவர்கள் காட்டிய காற்று வரைபடம் 100 மீட்டர் உயரத்துக்கானது. தோப்பைப் பற்றி எவரும் பேசவில்லை. காற்றாடி நிலைகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. மின்சாரம் பெயரளவுக்கே கிடைத்தது. பின்னர் இறக்கைகளின் அடியில் விரிசல் கண்டது. 15 மீட்டர் உயரத் தோப்பு தனக்குப் பின்னால், அதன் உயரத்தைப்போல் இருபது மடங்கு தொலைவு வரையிலும் காற்றைக் கலக்கக்கூடும் என்பதை முன்பே சொல்லியிருந்தால் அவருடைய சேமிப்பு கரைந்திருக்காது.

சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டடம் எதுவானாலும், இறக்கையின் கீழ்முனை அதைவிட 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். இன்று இடுப்பளவு நிற்கும் வடலியும் (இளம் பனை) காற்றாலையின் ஆயுளுக்குள் மரமாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீண்ட நூலில் இடையிடையே துணிக்கீற்றுகளைக் கட்டிப் பட்டம் விட்டுப் பாருங்கள். கீற்றுகள் துடித்துச் சுழலும் உயரம் வரை காற்று கலங்கியிருக்கிறது, அவை நேராக நீளும் உயரமே உங்களுக்கு உரியது.

ஆடியில் மட்டும் நிலம் பார்ப்பது

ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வலுவாக வீசும். ஐப்பசி, கார்த்திகையில் அதே நிலத்துக்கு மீண்டும் போய் நின்று பாருங்கள். மின்கலம் சில நாள் தேவையைத் தாங்குமே தவிர, ஆடி மின்சாரத்தைக் கார்த்திகைக்குச் சேர்த்து வைக்காது. கோபுரம் நிற்கப்போகும் உயரத்திலேயே காற்றுவேகமானியைப் பொருத்தி ஓராண்டு அளப்பதே முறை; மந்தமான மாதங்களுக்குச் சூரியத் தகடுகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

மொட்டை மாடியில் நிறுத்துவது

வேண்டாம். அதிர்வு சுவருக்குள் இறங்கும்.

கம்பிகளுக்கு இடம் விடாமல் இருப்பது

இழுவைக் கம்பிகளால் நிறுத்தும் 30 மீட்டர் கோபுரத்துக்கு, அடியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி நங்கூரங்கள் பதிக்க வேண்டியிருக்கும். சதுரமான ஐந்து சென்ட் மனையின் ஒரு பக்கமே ஏறத்தாழ 14 மீட்டர்தான்.