மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் என்ஜின்: முதலில் புகையைப் பாருங்கள்

வேலூர் மாவட்டத்து இலவம்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் முள்கத்தரி. கிணற்றுக்கு மின் இணைப்பு இன்னும் வரவில்லை. 5 குதிரைத் திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினைத்தான் நம்பியிருக்கிறோம். போன மார்கழியில் பன்னிரண்டு நாள், காலை ஐந்தரை மணிக்கு ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கியது. கேட்டவர்கள் எல்லோரும் "குளிர்தான்" என்றார்கள். நானும் நம்பினேன்.

வேலூரில் மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், அவ்வளவுதான். டீசல் உறைகிற குளிர் நம் ஊரில் கிடையாது. நல்ல நிலையில் உள்ள என்ஜின் இந்தக் குளிரில் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்டில் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். என்ஜின் பின்னடித்தால் மணிக்கட்டு தப்பும்.

இப்போது ஒருவரை ஹேண்டில் சுற்றச் சொல்லிவிட்டு நீங்கள் புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. இதைப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி வேலூருக்கு சர்வீஸுக்கு அனுப்பினேன், இரண்டு ஃபில்டர் மாற்றினேன். எல்லாம் வீண் செலவு.

வெள்ளைப் புகை என்றால் சூடு போதவில்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் தீப்பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் காற்று நழுவிவிடும், சூடும் ஏறாது. டீகம்ப்ரஷன் லீவரை (தூக்கினால் வால்வைத் திறந்து வைத்து ஹேண்டிலை லேசாகச் சுற்றவிடும் லீவர்) இறக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். கையை எதிர்த்துத் திமிற வேண்டும். வழவழவென்று சுற்றினால் வால்வையும் ரிங்கையும் மெக்கானிக் பார்க்கட்டும். அதுவரை சமாளிக்க, தண்ணீர் ஓடிக் குளிரும் என்ஜினில் இரண்டு குடம் வெந்நீரை ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடி) தண்ணீர்க் குழாய் வழியே ஊற்றலாம். கை பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். காற்று போகும் வழியில் தீப்பந்தம் காட்டுவது, பெட்ரோல் துணி வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

புகையே இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போகும் வழியில் காற்று பிடித்திருக்கிறது. என் கதை இதுதான்.

டாங்க் குழாயைத் திறந்து, ஃபில்டரின் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்துங்கள். நுரையோடு டீசல் வரும். நுரை நின்று சுத்தமாக வந்ததும் முடுக்கிவிடாதீர்கள். பத்து எண்ணுங்கள், இன்னொரு குமிழி வரும். அந்தக் குமிழியை விட்டுவிட்டுத்தான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். அடுத்து பம்பின் திருகிலும் இதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் துடித்துத் துடித்து வரும்வரை ஹேண்டில் போட்டு, பிறகு முடுக்குங்கள். நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்சவிட்டுச் சோதிப்பவர்கள் கையை அருகே கொண்டுபோகக் கூடாது, அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். என் என்ஜினுக்கு 17 ஆம் எண் ஸ்பேனர். ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நட்டின் மூலையை மழுக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

லீவரைத் தூக்கியபடி சுற்றினால் இப்போது நாசில் 'கிர்ர்' என்று கத்தும். கத்தினால் ஸ்டார்ட் ஆகும்.

ஆனது. மறுநாள் காலை மறுபடியும் ஆகவில்லை. பன்னிரண்டு நாளும் இதே கதை.

பதின்மூன்றாம் நாள் டீசல் ஊற்ற அண்ணன் மகள் டாங்க் மூடியைத் திறந்தாள். 'புஸ்' என்றது. "சித்தப்பா, சோடா மாதிரி சத்தம் வருகிறது" என்றாள். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்காமல் இருக்க, மூடிக்கு அடியில் பால் பாக்கெட் உறையை மடித்து வைத்தது நானேதான். மூடியின் ஊசித் துளை அடைபட்டுப் போயிருந்தது.

மணிக்கு ஒரு லிட்டர்போல டீசல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மேலே வழியில்லாததால், டாங்க் குழாயின் தேய்ந்த செப்பு வாஷர் வழியே உறிஞ்சியிருக்கிறது. ஓடும்போது பெரும்பாலான குமிழிகள் டாங்குக்கே ஏறிவிடும். நிறுத்திய பிறகு, இரவில் டாங்க் குளிரக் குளிர இன்னும் கொஞ்சம் காற்றை இழுத்து, அது ஃபில்டரில் தங்கிவிடும். அந்த அளவுக்குக் குளிருக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

உறையை எடுத்தேன், துளையில் ஊக்கை விட்டுக் குத்தினேன். புது வாஷர் கையில் இல்லை. பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். செம்பு இளகி மறுபடி நன்றாகப் படியும். மழைக்கு இப்போது மூடியின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். வெள்ளைப் புகை வருகிறது, ஹேண்டில் திமிறவில்லை, ஹெட்டைக் கழற்ற ஆள் பேசிவிட்டாராம். டீகம்ப்ரஷன் லீவர் முழுதாக இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அடியில் சேறு காய்ந்து கெட்டியாகி, வால்வை அரைகுறையாகத் திறந்தே வைத்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் போதுமானதாக இருந்ததாம். லீவரை இந்தப் பட்டியலில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.