தோசைக்கல் விற்கும் ஆன்லைன் கடைக்கு எஸ்இஓ: வாங்க வருபவரின் மனதிலிருந்து தொடங்குவோம்

மூன்று பேர் கூகுளில் தேடுகிறார்கள். ஒருவர் ‘புது தோசைக்கல் பழக்குவது எப்படி’ என்று தட்டுகிறார். இன்னொருவர் ‘வார்ப்பிரும்பு தோசைக்கல் நல்லதா, நான்ஸ்டிக் நல்லதா’ என்று கேட்கிறார். மூன்றாமவர் தேடுவது ‘வார்ப்பிரும்பு தோசைக்கல் 12 இன்ச் விலை’. மூன்றிலும் தோசைக்கல் இருக்கிறது. ஆனால் கையில் காசோடு நிற்பவர் மூன்றாமவர்தான். முதலாமவர் பெரும்பாலும் கல்லை ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

தெரிந்தவர் ஒருவரின் பாத்திரக் கடைத் தளத்துக்கு முதன்முதலில் உதவியபோது எனக்கு இந்த வேறுபாடு பிடிபடவில்லை. இரும்புக் கல்லின் நன்மைகளை நீளமாக எழுதி, விற்பனைப் பக்கத்தின் தலையிலேயே வைத்தேன். ஆட்கள் வந்தார்கள், படித்தார்கள், போய்விட்டார்கள். விலையைப் பார்க்கவே போனில் நாலைந்து முறை கீழே தள்ள வேண்டியிருந்தது. அதனால் எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் நம் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் வேலை பற்றிய இந்தப் பாடத்தைத் தோசைக்கல்லை வைத்தே சொல்கிறேன். நீங்கள் சுங்குடிச் சேலை விற்றாலும் செக்கு எண்ணெய் விற்றாலும் வழி இதேதான்.

படி 1: சொற்களைச் சேகரியுங்கள்

கட்டணக் கருவி எதுவும் இப்போது வேண்டாம். ஒரு நோட்டு போதும். முதலில் உங்கள் கடை வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்கள் கேட்டதை அப்படியே எழுதுங்கள். ‘இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?’, ‘எவ்ளோ வெயிட்?’, ‘கைப்பிடி சுடுமா?’ போன்றவை எல்லாம் நாளைக்கு யாரோ தேடப்போகும் சொற்கள்.

அப்புறம் கூகுள் தேடல் பெட்டியில் ‘தோசைக்கல்’ என்று தட்டி, அது தானாகக் காட்டும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தோசா தவா’, ‘காஸ்ட் அயர்ன் தவா’ என்று ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள். நம் ஆட்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். தமிழ்ச் சொல் மட்டும் இருக்கும் பக்கம் அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.

படி 2: குவியலாகப் பிரியுங்கள்

தேடல்களை நோக்கப்படி பிரிக்கும் யோசனை பழையது. ஆண்ட்ரே பிராடர் என்ற கணினி அறிஞர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று வகைகளைச் சொன்னார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக நினைப்பது, தகவல் அறிய நினைப்பது, ஒரு செயலை முடிக்க நினைப்பது. கடைக்காரருக்கு நடுவில் இன்னொரு குவியலும் வேண்டும் என்பது என் கருத்து: வாங்குவது என்று முடிவு செய்து, எதை வாங்குவது என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்.

சொல்லிலேயே அடையாளம் இருக்கும். ‘எப்படி’, ‘ஏன்’ என்றால் தகவல். ‘சிறந்த’, ‘எது நல்லது’, ‘வித்தியாசம்’ என்றால் ஒப்பீடு. ‘விலை’, ‘ஆன்லைன்’, அளவு, எடை, மாடல் பெயர் வந்தால் வாங்கத் தயார்.

படி 3: கூகுள் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. ஒவ்வொரு சொல்லையும் பிரவுசரின் மறைநிலைத் திரையில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். முதல் பக்கம் முழுக்க யூடியூப் வீடியோவும் சமையல் கட்டுரையும் வந்தால், அந்தச் சொல்லுக்கு உங்கள் விற்பனைப் பக்கத்தை ஏற்ற முயல்வது வீண் உழைப்பு. படமும் விலையுமாகப் பொருட்கள் வரிசையாக வந்தால், அங்கே கட்டுரை எடுபடாது. ‘இரும்பு தோசைக்கல்’ என்ற வெறும் சொல்லுக்குக் கடைகளின் பட்டியல் பக்கங்கள் (ஒரு வகைப் பொருட்களை வரிசையாகக் காட்டுபவை) வந்தால், உங்கள் பட்டியல் பக்கத்தையே அதற்குத் தயார்செய்யுங்கள். உங்கள் ஊகமும் கூகுள் காட்டுவதும் மாறுபட்டால் கூகுள் காட்டுவதை நம்புங்கள்.

படி 4: பொருள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

வாங்கத் தயாராக இருப்பவரிடமிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் கடை ஓடுவது அவர்களால்.

தலைப்பில் பொருளின் பெயர், அளவு, முக்கியமான தன்மை மூன்றும் முன்னால் வரட்டும்: ‘வார்ப்பிரும்பு தோசைக்கல் 12 இன்ச், பழக்கியது’. ‘எங்கள் பாரம்பரியத் தயாரிப்பு’ என்று தொடங்கினால் தேடல் பட்டியலில் முக்கியமான சொல் வெட்டுப்பட்டுப் போகலாம்.

போன் திரையில் முதல் பார்வையிலேயே படம், விலை, டெலிவரி எத்தனை நாள், திருப்பி அனுப்ப முடியுமா என்பது தெரிய வேண்டும். அதன் கீழே, நோட்டில் எழுதிய கேள்விகளுக்குப் பதில்: எடை எத்தனை கிலோ, கைப்பிடி ஒன்றா இரண்டா, அடி தட்டையா. இரும்பு இண்டக்‌ஷனில் சூடாகும், ஆனால் அடி தட்டையாக உட்கார வேண்டும். இதை ஒரு வரியில் எழுதினால் வாங்குபவரின் சந்தேகம் தீரும், ‘இண்டக்‌ஷன் தோசைக்கல்’ என்று தேடுபவரும் உங்களைக் கண்டுபிடிப்பார். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அதே பத்தி வேறு பல கடைகளிலும் இருக்கும்.

அடுத்து ஸ்கீமா. விலை, இருப்பு, மதிப்பீடு ஆகியவற்றைத் தேடுபொறிக்குப் புரியும்படி எழுதும் குறிமுறை இது. வூகாமர்ஸ் போன்ற ஆன்லைன் கடை மென்பொருட்கள் அடிப்படையானதைத் தாமே சேர்க்கும். கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துச் சரிபாருங்கள், இலவசம்தான். கூகுள் மெர்ச்சண்ட் சென்டரிலும் பொருட்களைப் பதிவுசெய்யுங்கள். 2020 முதல் விளம்பரக் கட்டணம் இல்லாமலும் அங்கிருந்து பொருட்கள் ஷாப்பிங் பகுதியில் வருகின்றன.

பொய் மதிப்புரை மட்டும் போடவே போடாதீர்கள். உங்களை நம்பிப் பணம் அனுப்புகிறவருக்குச் செய்யும் துரோகம் அது.

படி 5: ஒப்பீடும் விளக்கமும்

ஒப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். நேர்மையாக எழுதுங்கள். வார்ப்பிரும்பு கனம், கீழே விழுந்தால் உடையலாம், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். இதையும் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள்.

‘பழக்குவது எப்படி’ என்பவருக்கு ஒரு கட்டுரை: கல்லைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துச் சூடாக்குவது வரை உங்கள் வீட்டில் செய்வதைப் படத்தோடு போடுங்கள். இவர் இன்றைக்கு வாங்கமாட்டார். ஆனால் பழக்கிய கல்லே கிடைக்கிறது என்று ஒரு வரியும் பொருள் பக்கத்துக்கு ஒரு இணைப்பும் இருந்தால், அக்காவுக்கோ தங்கைக்கோ வாங்கும்போது திரும்பி வருவார்.

படி 6: சர்ச் கன்சோலில் சரிபாருங்கள்

உங்கள் தளம் எந்தத் தேடல்களில் தோன்றுகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலை முதல் நாளே இணைத்துவிடுங்கள். அது 16 மாதத் தரவைக் காட்டும், ஆனால் இணைப்பது தாமதமானால் பழைய விவரம் முழுதாகக் கிடைக்காது. சில வாரம் கழித்து, ஒரு பொருள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேடல்களுக்கு அது தோன்றுகிறது என்று பாருங்கள். விற்பனைப் பக்கத்துக்கு ‘எப்படி’ தேடல்களே வருகின்றன என்றால், அவற்றுக்குத் தனிக் கட்டுரை எழுதி இணைப்புக் கொடுங்கள். ‘விலை’ தேடலில் பத்தாவது இடத்தை ஒட்டி நிற்கும் பக்கம் இருந்தால், உழைப்பை முதலில் அதில் போடுங்கள்.

சரக்கு தீர்ந்துபோனால் பக்கத்தை அழிக்க வேண்டாம். ‘இருப்பு இல்லை’ என்று குறித்து, கீழே 10 இன்ச் கல்லைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கட்டும். ‘எப்ப வரும்?’ என்று கேட்பவர்களை நோட்டில் குறித்துவைத்து, புதுச் சரக்கு வந்ததும் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.