நாடு மாறும்போது வங்கிக் கணக்கு முடங்காமல் காத்த வழி

நாடு மாறும்போது பழைய வங்கிக் கணக்கு முடங்க ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்) ஒரு முக்கியக் காரணம். சிம்மை நிறுத்திவிட்டால், புதிய எண்ணைப் பதியவே பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்கும். அதனால் ரோமிங்கில் சிம்மை உயிரோடு வைத்து, மொபைல் எண், முகவரி, வரி வதிவிட நிலை (எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பது) மூன்றையும் வங்கியில் மாற்றி, புதிய எண்ணுக்கு ஓடிபி வருவதைப் பார்த்த பிறகே பழையதை விட்டேன். விமானம் ஏறும் முன்பே முடித்தால் இன்னும் நிம்மதி.

கடன் வரலாறு பொதுவாகப் புது நாட்டுக்குக் கூடவே வராது. வைப்புத்தொகை கட்டி வாங்கும் கிரெடிட் கார்டில் தொடங்குங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் முழு பில்லையும் கட்டுங்கள்.

வரிக்கு, வந்த தேதியும் போன தேதியும் முக்கியம். பல நாடுகளில் 183 நாள் கணக்கு உண்டு: அத்தனை நாள் தங்கினால் பொதுவாக அந்த நாட்டில் வரி வதிவிடர் ஆவீர்கள். ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் காக்கும் இரட்டை வரி ஒப்பந்தச் சலுகைக்கு வரி வதிவிடச் சான்றிதழ் கேட்பார்கள்.