டி.எம்.சி. என்றால் எவ்வளவு தண்ணீர்? அணைச் செய்தியைப் படிக்கும் முறை

குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணை திறக்கப்பட வேண்டிய நாள் ஜூன் 12. அது நெருங்க நெருங்க, நாளிதழ்களில் அணை நிலவரம் தவறாமல் வரும். நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு என நான்கு எண்கள். பெரும்பாலோர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்றைய நாளிதழையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்; நான்கையும் படித்துப் பார்ப்போம்.

முதலில் அலகுகளைப் பிரித்து வட்டமிடுங்கள். நீர்மட்டம் அடியில் இருக்கும், இருப்பு டி.எம்.சி.யில் இருக்கும். வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று இருக்கும். இருப்பு என்பது பானையில் உள்ள தண்ணீர். வரத்து என்பது குழாயின் வேகம். தலைப்பில் இடம் போதாமல் ‘வினாடிக்கு’ என்ற சொல்லை வெட்டிவிடுவார்கள். நீங்களே சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கனஅடி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது; நம் கணக்கில் நூறு கோடி கனஅடி. (‘டி.எம்.சி. கனஅடி’ என்று எழுதுவது ‘கேட்டுக் கதவு’ என்பதைப் போன்றது.) ஒரு கனஅடி 28.3 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம். அப்படியானால் ஒரு டி.எம்.சி. சுமார் 2,830 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 23 லட்சம் லாரிகளுக்கு மேல் வேண்டும்.

இனி வேகத்தை இருப்பாக மாற்றலாம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். மனக்கணக்குக்கு 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்து 20,000, திறப்பு 8,000 என்றால் மிச்சம் 12,000. நாளை இருப்பு ஒரு டி.எம்.சி. கூடியிருக்கும்.

இதே கணக்கைப் பெரிய செய்திகளுக்கும் போட்டுப் பாருங்கள். காவிரியில் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளக் காலத்தில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வந்தால், ஒரு நாளில் 8.64 டி.எம்.சி. ஆண்டுக் கணக்கு முழுவதும் 21 நாளில் தீர்ந்துவிடும்! எவ்வளவு வந்தது என்பதோடு எந்த மாதத்தில் வந்தது என்பதற்காகவும் ஏன் சண்டை நடக்கிறது என்பது இப்போது புரியும்.

நீர்மட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை கிண்ணம் போல மேலே விரிவதால், 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்காது. 100 அடியில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி.; மீதி 28 டி.எம்.சி.யும் மேலே உள்ள இருபது அடிக்குள்தான் அடங்குகிறது.

சென்னை ஏரிகளுக்கு வந்தால் அலகு மாறிவிடும். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி என்று அச்சிடுவார்கள். மேட்டூரின் 93-ஐப் பார்த்த கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியும். ஆயிரத்தால் வகுங்கள்: மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல்.